உலோகங்களின் வினைபடுதிறனை இணைதிறன் எலக்ட்ரான்களை வைத்துக் கணிப்பது எப்படி?

பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு என்று உலோகங்களின் வினைபடுதிறன் வரிசையைப் பள்ளியில் எல்லோரும் ஒப்பித்திருப்போம். தேர்வுக்கு அது போதும். ஆனால் பொட்டாசியம் ஏன் மேலே இருக்கிறது, தங்கம் ஏன் அடியில் கிடக்கிறது என்று யாராவது கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. தனிம வரிசை அட்டவணையும் சில எண்களும் கையில் இருந்தால் அந்த வரிசையின் பெரும்பகுதியை நாமே எழுதிவிடலாம். அதைப் படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒன்று. "வெளிக்கூட்டில் ஒரு எலக்ட்ரான் இருந்தால் அதிக வினை, இரண்டு இருந்தால் குறைவு, மூன்று இருந்தால் இன்னும் குறைவு" என்று ஒரு சூத்திரம் உலவுகிறது. இதை நம்ப வேண்டாம். தங்கத்துக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான்தான். எத்தனை எலக்ட்ரான் போகும் என்பதைத்தான் எண்ணிக்கை சொல்லும். அவை எவ்வளவு எளிதாகப் போகும் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கில் செலவும் உண்டு, வரவும் உண்டு.

முதல் படி: வெளிக்கூட்டை எழுதுங்கள்

அணு எண்ணை எடுத்து எலக்ட்ரான்களைக் கூடு வாரியாகப் பிரியுங்கள். சோடியம் (11): 2, 8, 1. மக்னீசியம் (12): 2, 8, 2. அலுமினியம் (13): 2, 8, 3. பொட்டாசியம் (19): 2, 8, 8, 1. கால்சியம் (20): 2, 8, 8, 2. கடைசி எண்தான் இணைதிறன் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. 1, 2 ஆகிய தொகுதிகளுக்குத் தொகுதி எண்ணே விடை. 13-ஆம் தொகுதிக்குப் பத்தைக் கழித்தால் 3. நடுவில் உள்ள இடைநிலைத் தனிமங்களுக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது. அவற்றுக்குத் தனியாக வருவோம்.

இரண்டாம் படி: செலவைப் பாருங்கள்

வாயு நிலையில் உள்ள ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றல்தான் அயனியாக்கும் ஆற்றல். ஒரு மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்று அளப்பார்கள். இனி வரும் எண்களெல்லாம் அந்த அலகில்தான்.

சோடியத்தின் முதல் எலக்ட்ரானை எடுக்க 496. இரண்டாவதை எடுக்க 4,562. ஒன்பது மடங்குக்கும் மேல். முதல் எலக்ட்ரான் வெளிக்கூட்டில் தனியாக இருந்தது, அடுத்தது உள்கூட்டில் அணுக்கருவுக்கு அருகே இறுக்கமாக இருக்கிறது. மக்னீசியத்துக்கு 738, 1,451, பிறகு 7,733. அலுமினியத்துக்கு 578, 1,817, 2,745, பிறகு 11,577. எண்கள் எங்கே திடீரென்று எகிறுகின்றன என்று பாருங்கள்: சோடியத்தில் ஒன்றுக்குப் பிறகு, மக்னீசியத்தில் இரண்டுக்குப் பிறகு, அலுமினியத்தில் மூன்றுக்குப் பிறகு. இணைதிறன் எலக்ட்ரான்களுக்கும் உள்கூட்டு எலக்ட்ரான்களுக்கும் நடுவே உள்ள சுவர் இதுதான். சோடியம் ஏன் எப்போதும் +1, அலுமினியம் ஏன் +3 என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இன்னொன்றையும் இந்த எண்கள் சொல்கின்றன. "சோடியம் நியானைப் போல ஆக விரும்பி எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது" என்று பாடங்களில் சொல்வார்கள். அணுவுக்கு அப்படி எந்த விருப்பமும் கிடையாது. அந்த எலக்ட்ரானை எடுக்க 496 கிலோஜூல் கொடுத்தாக வேண்டும், சும்மா வராது. தனியாக விடப்பட்ட சோடியம் அணு தன் எலக்ட்ரானைத் தானே வைத்துக்கொள்ளும். வினை நடப்பதற்குக் காரணம், இந்தச் செலவை ஈடுகட்டும் வரவு பின்னால் வருவதுதான். ஐந்தாம் படியில் அதைப் பார்ப்போம்.

மூன்றாம் படி: தொகுதியில் மேலிருந்து கீழே வாருங்கள்

ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் வைத்திருக்கும் சோடியத்தை இடுக்கியால் எடுத்து, துடைத்து, கத்தியால் வெட்டினால் பாலாடைக்கட்டி மாதிரி வெட்டுப்படும். வெட்டிய முகம் வெள்ளியைப் போல மின்னும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மினுமினுப்பு மங்கி, சாம்பல் படலம் மூடிவிடும். மிளகளவு துண்டை அகலமான நீர்த்தொட்டியில் போட்டால் அது மூழ்காமல் மிதக்கும். வினையின் சூட்டிலேயே உருகி, பளபளக்கும் உருண்டையாகிச் சீறிக்கொண்டு அங்குமிங்கும் ஓடும். நீரில் முன்பே இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டிருந்தால் அது ஓடிய வழியெல்லாம் இளஞ்சிவப்பாகும். சோடியம் ஹைட்ராக்சைடு உருவாவதற்கு அது அடையாளம். பொட்டாசியமாக இருந்தால் போட்டவுடன் ஹைட்ரஜன் தீப்பற்றி வெளிர் ஊதாச் சுடர் எழும். ரூபிடியமும் சீசியமும் இதைவிட மூர்க்கமானவை. (இவற்றைப் பயிற்சி பெற்ற ஆசிரியர், பாதுகாப்புக் கண்ணாடி, தடுப்புத் திரை ஆகியவை இல்லாமல் யாரும் செய்யக் கூடாது. வீட்டில் வேண்டவே வேண்டாம்.)

லித்தியத்தையும் சேர்த்து, முதல் தொகுதியின் இந்தக் கார உலோகங்கள் ஐந்துக்கும் வெளியே ஒரே ஒரு எலக்ட்ரான்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? முதல் அயனியாக்கும் ஆற்றலை வரிசையாக எழுதுங்கள்: லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419, ரூபிடியம் 403, சீசியம் 376. இப்போது உலோக ஆரத்தை (உலோகத்தில் இருக்கும் அணுவின் ஆரம்) பக்கத்தில் எழுதுங்கள்: 152, 186, 227, 248, 265 பிகோமீட்டர். ஒன்று இறங்க, மற்றது ஏறுகிறது.

காரணத்தைக் கையால் கணக்குப் போட்டே பார்க்கலாம். சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்கள். உள்ளே இருக்கும் 10 எலக்ட்ரான்கள் அந்த ஈர்ப்பில் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன. வெளி எலக்ட்ரானுக்குத் தெரிவது தோராயமாக +1. பொட்டாசியத்தில் 19 புரோட்டான்கள், உள்ளே 18 எலக்ட்ரான்கள், மறுபடியும் தோராயமாக +1. இப்படி எல்லாக் கார உலோகங்களிலும் வெளி எலக்ட்ரானை இழுக்கும் நிகர மின்சுமை ஏறத்தாழ ஒரே அளவுதான். மாறுவது தூரம். தூரம் கூடினால் பிடி தளரும்.

இந்த வினை ஏன் வெடிக்கிறது என்பதில் ஒரு புதிர் இருந்தது. உருவாகும் ஹைட்ரஜனும் நீராவியும் உலோகத்தை நீரிலிருந்து பிரித்து வினையைத் தணித்திருக்க வேண்டுமே? பிராக் நகரில் பாவெல் யுங்விர்ட் தலைமையிலான குழு, அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் சோடியம்-பொட்டாசியக் கலவையின் துளியை நீரில் விட்டு அதிவேகக் கேமராவில் படம்பிடித்தது. 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். துளி நீரைத் தொட்ட ஒரு மில்லிநொடிக்குள் அதிலிருந்து முட்கள் போலக் கூர்கள் பாய்ந்தன. மேற்பரப்பிலுள்ள எலக்ட்ரான்கள் நொடிப்பொழுதில் நீருக்குள் போய்விட, மிஞ்சிய நேர் அயனிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளியதில் உலோகம் சிதறி, புதிய மேற்பரப்பு நீரைத் தொட்டது. இணைதிறன் எலக்ட்ரான் வெளியேறுவதைக் கிட்டத்தட்ட நேரில் பார்த்த மாதிரிதான்.

நான்காம் படி: இடமிருந்து வலம் செல்லுங்கள்

சோடியத்துக்கு அடுத்து மக்னீசியம். கூடுகளின் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடியிருக்கிறது. 12-இல் உள்ளே உள்ள 10-ஐக் கழித்தால் நிகர இழுப்பு தோராயமாக +2. ஆரம் 186-இலிருந்து 160 பிகோமீட்டராகச் சுருங்குகிறது. முதல் எலக்ட்ரானுக்கே 738 கொடுக்க வேண்டும், இரண்டையும் எடுக்க 2,189.

வலமாகப் போகும்போது இன்னொரு செலவும் ஏறுகிறது. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் முன், அந்த அணுவை உலோகக் கட்டியிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டும். உலோகப் பிணைப்புக்கு ஒவ்வொரு அணுவும் தன் இணைதிறன் எலக்ட்ரான்களைப் பொதுவில் விடுகிறது. ஒன்றை விடும் சோடியம் கத்திக்கு வெட்டுப்படும், 98 டிகிரி செல்சியஸில் உருகும். இரண்டை விடும் மக்னீசியம் 650 டிகிரியில்தான் உருகும். பெயர்த்தெடுக்கும் செலவு சோடியத்துக்கு 107, மக்னீசியத்துக்கு ஏறத்தாழ 147, அலுமினியத்துக்கு 330-ஐ ஒட்டி.

அதனால்தான் மக்னீசியம் குளிர்ந்த நீரில் அநேகமாகச் சும்மா கிடக்கும். நாடாவை உப்புத்தாளால் தேய்த்து வெந்நீரில் போட்டால் மெல்லக் குமிழி விடும். நீராவியில் வெள்ளை ஒளியோடு எரியும். அதே தொகுதியில் கீழே இருக்கும் கால்சியத்துக்கு 590, 1,145 போதும். அது குளிர்ந்த நீரிலேயே வினைபுரிந்து நீரைப் பால் போலக் கலங்கச் செய்யும். அந்தக் கலங்கல் சுண்ணாம்புதான். நேர்மாறாக, மேலே இருக்கும் பெரிலியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல் 900. நீராவிகூட அதை எளிதில் அசைக்காது.

ஐந்தாம் படி: வரவைச் சேருங்கள்

பெரும்பாலான அறிமுகப் பாடங்கள் செலவோடு நின்றுவிடுகின்றன. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

அயனி உருவானதும் நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. அப்போது ஆற்றல் வெளியாகிறது. இதை நீரேற்ற ஆற்றல் என்கிறோம். லித்தியம் அயனிக்கு இது ஏறத்தாழ 519, சோடியத்துக்கு 406, பொட்டாசியத்துக்கு 322. அயனி சிறிதாக இருந்தால் நீர் நெருங்கி வர முடியும், வரவு கூடும்.

இப்போது கணக்கை முடிப்போம். லித்தியம்: பெயர்க்க 159, எலக்ட்ரானை எடுக்க 520, மொத்தச் செலவு 679. வரவு 519. பற்றாக்குறை 160. சோடியம்: 107 + 496 = 603. வரவு 406. பற்றாக்குறை 197. பொட்டாசியம்: 89 + 419 = 508. வரவு 322. பற்றாக்குறை 186. (விடுபட்ட எலக்ட்ரான்கள் ஹைட்ரஜனை உருவாக்கும்போது கிடைக்கும் ஆற்றல் மூன்றுக்கும் பொதுவானது, மீதியை அது அடைத்துவிடும்.)

பற்றாக்குறை மிகக் குறைவு லித்தியத்துக்கு! எலக்ட்ரானை விடுவிக்க அதிகம் செலவு கேட்கும் உலோகம்தான் நீரில் மிகுந்த லாபத்தோடு கரைகிறது. திட்ட மின்முனை அழுத்தம் (கரைசலில் உலோகம் எலக்ட்ரானை இழக்கும் போக்கின் அளவு, எவ்வளவு எதிர்க்குறியோ அவ்வளவு எளிதாக இழக்கும்) எடுத்தாலும் இதே கதை: லித்தியம் −3.04 வோல்ட், பொட்டாசியம் −2.93, சோடியம் −2.71. ஆனால் தொட்டியில் போட்டுப் பார்த்தால் மூன்றில் சாதுவானது லித்தியம். சீராகக் குமிழிவிட்டு மெதுவாகக் கரையும்.

இதில் முரண் எதுவும் இல்லை. எவ்வளவு லாபம் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகம் என்பது வேறு கேள்வி. வேகத்தை முடிவு செய்வது தொடக்கத்தில் தாண்ட வேண்டிய மேடு. அதில் அயனியாக்கும் ஆற்றலுக்குப் பெரிய பங்கு உண்டு, லித்தியத்துக்கு அது உயரம். தவிர, லித்தியம் 180 டிகிரிக்கு மேல்தான் உருகும். நீரில் அந்தச் சூடு வராது, கட்டியாகவே இருக்கும். சோடியமும் (98), பொட்டாசியமும் (63.5) உருகிப் புதிய மேற்பரப்பைக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. "எது அதிக வினைபடுதிறன் உடையது?" என்று கேட்பவரிடம், ஆற்றலையா வேகத்தையா கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

மக்னீசியம் ஏன் ஓர் எலக்ட்ரானோடு நிறுத்திக்கொள்வதில்லை என்பதற்கும் இங்கேதான் விடை. இரண்டாவது எலக்ட்ரானுக்கு 1,451 அதிகச் செலவு. ஆனால் +2 மின்சுமையுள்ள சிறிய அயனியை நீர் சூழும்போது ஏறத்தாழ 1,920 வருகிறது. +1 அயனிக்கு அதில் பாதிகூட வராது. திடப் பொருளானால், அயனிகள் படிகமாகச் சேரும்போது வெளியாகும் படிகக்கூடு ஆற்றல் இதே வேலையைச் செய்யும்.

எளிதில் எலக்ட்ரானை இழப்பவற்றுக்கு அதைத் திருப்பித் தருவது கடினம். உலோகங்களின் வரலாறே இந்த வழியில்தான் போயிருக்கிறது. தங்கம் தங்கமாகவே மண்ணில் கிடந்தது. இரும்பைக் கரியால் மீட்க முடிந்தது. பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரிக்க 1807-இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி மின்கல அடுக்கிலிருந்து மின்சாரம் பாய்ச்ச வேண்டியிருந்தது.

ஆறாம் படி: நடுவில் உள்ள தொகுதிகளுக்கு டி எலக்ட்ரான்களைக் கவனியுங்கள்

ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எஸ், பி, டி, எஃப் என்று பெயரிட்ட துணைக்கூடுகள் உண்டு. 4எஸ் என்றால் நான்காம் கூட்டின் எஸ் துணைக்கூடு. பொட்டாசியத்தையும் தாமிரத்தையும் அருகருகே வையுங்கள். இரண்டும் நான்காம் வரிசை. இரண்டுக்கும் 4எஸ் துணைக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். ஒன்று நீரில் தீப்பற்றுகிறது, மற்றொன்றில் குடிநீரைப் பிடித்து வைக்கிறோம்.

பொட்டாசியத்துக்கு 19 புரோட்டான்கள், தாமிரத்துக்கு 29. கூடுதலான பத்துப் புரோட்டான்களுக்கு ஈடாகப் பத்து எலக்ட்ரான்கள் சேர்ந்திருப்பது 3டி துணைக்கூட்டில். இந்த டி எலக்ட்ரான்கள் பரவலாக இருப்பதால் அணுக்கருவின் இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை. மறைக்காமல் விட்ட மிச்சம் வெளி எலக்ட்ரானை இழுக்கிறது. ஆரம் 227-இலிருந்து 128 பிகோமீட்டராகிவிட்டது. அயனியாக்கும் ஆற்றல் 419-இலிருந்து 745. பெயர்த்தெடுக்கும் செலவு 89-இலிருந்து ஏறத்தாழ 338, ஏனென்றால் டி எலக்ட்ரான்களும் உலோகப் பிணைப்பில் கைகொடுக்கின்றன. இத்தனை செலவையும் நீரேற்ற ஆற்றல் ஈடுகட்டவில்லை. அதனால் நீர்த்த அமிலத்திலிருந்துகூடத் தாமிரம் ஹைட்ரஜனை வெளியேற்றாது.

ஆறாம் வரிசையில் இது இன்னும் உச்சத்துக்குப் போகிறது. சீசியம், தங்கம் இரண்டுக்கும் 6எஸ்-இல் ஒன்று. சீசியம் 376, தங்கம் 890. நடுவில் டி எலக்ட்ரான்கள் மட்டுமல்ல, எஃப் எலக்ட்ரான்கள் பதினான்கும் வந்துவிட்டன. அவை இன்னும் மோசமாக மறைப்பவை. தங்கத்தின் கனமான அணுக்கருவுக்கு அருகே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் இயங்குவதால், சார்பியல் விளைவு 6எஸ் துணைக்கூட்டை மேலும் சுருக்குகிறது. எந்த அளவுக்கு என்றால், இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் சீசியம் ஆரைடு என்ற சேர்மம் கிடைக்கும். அதில் சீசியம் நேர் அயனி, தங்கம் எதிர் அயனி. ஓர் உலோகம் இன்னோர் உலோகத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது.

துத்தநாகத்தில் ஓர் எச்சரிக்கை. அதன் முதல் அயனியாக்கும் ஆற்றல் 906, தாமிரத்தைவிட அதிகம். அதை மட்டும் பார்த்தால் தாமிரம்தான் வினைக்கு முந்த வேண்டும். உண்மையில் துத்தநாகம் அமிலத்தில் கொப்பளித்துக் கரையும். இரண்டு எலக்ட்ரானுக்கான மொத்தத்தைப் போடுங்கள்: துத்தநாகம் 2,639, தாமிரம் 2,703. பெயர்த்தெடுக்கும் செலவைச் சேருங்கள்: துத்தநாகத்துக்கு ஏறத்தாழ 131 மட்டுமே, ஏனென்றால் அதன் நிறைந்த டி துணைக்கூடு பிணைப்பில் சேருவதில்லை. தாமிரத்துக்கு 338. இப்போது விடை சரியாக வரும். முதல் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஏழாம் படி: மேற்பரப்பைப் பாருங்கள்

அலுமினியத்தின் மின்முனை அழுத்தம் −1.66 வோல்ட். இரும்பை (−0.44) விட எவ்வளவோ மேல். இரும்பு ஆக்சைடுத் தூளோடு கலந்து பற்றவைத்தால் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு இரும்பை உருக்கி ஊற்றிவிடும். ரயில் தண்டவாளங்களை இணைக்கும் தெர்மிட் வெல்டிங் இந்த வினைதான். அப்படியானால் அலுமினியப் பாத்திரத்தில் எப்படி வெந்நீர் வைக்க முடிகிறது? காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு படலம் உருவாகி, விடாமல் ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கிறது. புளியின் அமிலம் அந்தப் படலத்தை அரிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் நல்ல வேதியியல் இருக்கிறது. இரும்பின் துரு இப்படி ஒட்டாது, உதிரும். அதனால் அரிப்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

எட்டாம் படி: செய்து பாருங்கள்

உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தம் தாமிர சல்பேட்தான். விழுங்கினால் நஞ்சு, மீன்களைக் கொல்லும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையலுக்குப் பயன்படுத்தாத கண்ணாடி டம்ளர் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள், சிறுவர்கள் என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நீலக் கரைசலில் உப்புத்தாளால் தேய்த்த இரும்பு ஆணியைப் போட்டால் சிறிது நேரத்தில் செம்பழுப்புத் தாமிரம் படியும். இரும்பின் எலக்ட்ரான்கள் தாமிர அயனிக்குப் போய்விட்டன.

வேறொரு டம்ளரில் அதே கரைசலில் அலுமினியத் தாள் துண்டைப் போடுங்கள். இரும்பைவிட வேகமாக நடக்க வேண்டும், ஆனால் நெடுநேரம் ஒன்றும் ஆகாது. இப்போது ஒரு சிட்டிகை உப்பைச் சேருங்கள். குளோரைடு அயனிகள் ஆக்சைடு படலத்தைத் துளைக்க, தாள் குமிழிவிட்டுச் சூடேறி ஓட்டை ஓட்டையாகும், சிவந்த பஞ்சு போலத் தாமிரம் திரளும். முடிந்ததும் நீலம் முழுக்கப் போகும்வரை ஆணிகளைப் போட்டு வையுங்கள். மிச்சத்தைக் கிணற்றிலோ குளத்திலோ ஊற்ற வேண்டாம்.

கடைசியாக, கணக்கு கைவந்துவிட்டதா என்று சோதிக்கக் காலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அணு எண் 31, அமைப்பு 2, 8, 18, 3. அலுமினியத்துக்கு நேர் கீழே இருக்கிறது, எனவே அதைவிட வினைபடுதிறன் கூடுதலாக இருக்க வேண்டும் என்று மூன்றாம் படி சொல்லும். ஆனால் அந்த 18-க்குள் பத்து டி எலக்ட்ரான்கள் இருப்பதைக் கவனித்தீர்களா? அயனியாக்கும் ஆற்றல்கள் 579, 1,979, 2,963. மொத்தம் 5,521. அலுமினியத்துக்கு 5,140தான். செலவு கூடிவிட்டதால் காலியம் அலுமினியத்தைவிடச் சாதுவாக இருக்க வேண்டும். மின்முனை அழுத்தம் ஏறத்தாழ −0.55 வோல்ட் மட்டுமே, கணிப்பு சரி. அதுவும் ஆக்சைடு படலத்தால் தன்னை மூடிக்கொள்ளும், சாதாரண நீரில் கரையாது. 30 டிகிரியை எட்டும் முன்பே உருகிவிடும் இந்த உலோகத்தின் ஒரு துளியைப் படலம் கீறிய அலுமினியத்தில் தேய்த்தால், துகள்களுக்கு இடையே ஊடுருவி, படலம் மறுபடி ஒட்ட முடியாமல் செய்துவிடும். அதன்பின் அந்த அலுமினியம் வெறும் தண்ணீரிலேயே ஹைட்ரஜனைக் குமிழியாக விடும்.